கிளம்பாத கப்பலில் நெத்திலிக் கருவாடு

பிரவுன் டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் வயிற்றில் ஒரு பல்லி ஓடும். சர்ர்ர்ரக். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீட்டில் வளர்ந்த எவருக்கும் ஓடும். அந்தச் சத்தம் வந்தால் லீவு முடிந்தது. கூடத்தில் ஒருவர் அட்டைப்பெட்டி மேல் முழங்காலை ஊன்றி ஏறியிருப்பார். உள்ளே ஊறுகாய், மாசிக் கருவாடு, சுக்கு, யாரோ யாருக்கோ கொடுத்த மருந்து. மறுநாள் காலை அவர் படுத்த இடத்தில் பாய் மட்டும் இருக்கும், சுருட்டாமல்.

துபாய், தேரா, நாயிஃப் சந்தைக்குப் பின்சந்து. டாக்சியிலிருந்து இறங்கியதும் அந்தச் சத்தம்தான் வரவேற்றது. கடைக்குள்ளே ஜெய்னு மாமா ஒரு வங்காளிப் பையன் வாங்கிய சூட்கேஸுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா வேலை பார்ப்பது பெட்டிக்கடையில். நம்மூரில் பீடியும் கடலைமிட்டாயும் விற்பதற்கு அந்தப் பெயர். இங்கே நிஜமாகவே பெட்டி. சூட்கேஸ், டிராலி, ஜிப் நகராத பை, ஜிப் நகரும் என்று சத்தியம் செய்து விற்கப்படும் பை. ஊருக்குப் போகிற எல்லோருக்கும் பெட்டி கட்டிக் கொடுத்த மனிதர். அவர் மட்டும் ஊரோடு போய்ச் சேரவில்லை.

அதற்காகத்தான் நான் வந்திருந்தேன். ஷார்ஜாவில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். கவிதை பற்றி. விமான டிக்கெட் அவர்களுடையது, உத்தரவு மைமூன் மாமியுடையது. எங்கள் ஊர் தோப்புத்துறையில் மாமி என் கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைத் திணித்துச் சொன்னார்: "நீ பேசு, பாடு, என்ன வேணாலும் செய். உன் மாமாவ மொதல்ல பிளேன்ல ஏத்தி விட்டுட்டுச் செய். இந்தத் தடவையும் வரலேன்னா கதவ உள்தாப்பாப் போட்டுருவேன். பெறவு அவரு வந்து தட்டுனாலும் தொறக்க மாட்டேன்."

இந்தத் தடவை மாமா ஏற்கெனவே கேன்சல் ஆகியிருந்தார். வளைகுடாத் தமிழில் 'கேன்சல்' என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விடுவது. நம்மூரில் டிக்கெட் கேன்சல் ஆனால் பயணம் இல்லை. இங்கே ஆள் கேன்சல் ஆனால்தான் பயணம். விசா முடிந்தபின் நாட்டில் இருக்கக் கொடுத்த அவகாசமும் கரைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை திருச்சி விமானம். அதைவிட்டால் சட்டம் விடாது, மாமியும் விடமாட்டார்.

"வா மருமவனே. கவிதைலாம் சவுக்கியமா?" என்றார் மாமா, ஒரு நோய்வாய்ப்பட்ட உறவினரை விசாரிப்பது போல.

அன்று சாயங்காலம் பரோட்டாவும் ஈரல் வறுவலும் வாங்கித் தந்தார். கரக் சாயா வந்தது. பாலும் சர்க்கரையும் ஏலமும் கொதித்துக் கொதித்துத் தேயிலையையே மறந்துவிட்ட பானம். மூன்றாவது மிடறில் மாமா தன் முடிவைச் சொன்னார்.

"நான் பிளேன்ல போவல."

"பின்ன?"

"கப்பல்ல வந்தேன். கப்பல்லதான் போவேன்."

நியாயமான கோரிக்கை. ஒரே சிக்கல், அப்படி ஒரு கப்பல் உலகத்தில் இல்லை. மீசை சரியாக முளைக்காத வயதில் பம்பாயிலிருந்து, கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுக்கும் டெக் பயணியாக வந்தவர் மாமா. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கப்பல் என்றால் பினாங்கு. வளைகுடாவுக்குக் கப்பலில் வந்த கடைசி ஆட்களில் இவர் ஒருவர். அந்தக் கப்பல் எப்போதோ இரும்புக்கு உடைக்கப்பட்டு, யார் வீட்டு ஜன்னல் கம்பியாகவோ நின்றுகொண்டிருக்கும். லீவில் போய்வரும் போதெல்லாம் மாமா வாயை மூடிக்கொண்டு விமானத்தில்தான் போனார், வந்தார். கேன்சல் என்றதும்தான் கப்பல் ஞாபகம் வந்திருக்கிறது.

மறுநாள் அவரோடு பயணம் சொல்லப் போனேன். எங்கள் ஊர்களில் வெளிநாடு கிளம்புகிறவர் வீடுவீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் சொந்தம் அறுந்துபோகும். சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால்? அதற்கு விதியே இல்லை, ஏனென்றால் அப்படி யாரும் செய்ததில்லை. மாமா செய்திருக்கிறார். இரண்டு வருடத்தில் மூன்று முறை தேரா முழுக்கப் பயணம் சொல்லி, கட்டித் தழுவி, கண்ணீர் விட்டு, அன்பளிப்புகளை வாங்கிக்கொண்டு, மறுவாரம் அதே சந்தில் டீ குடித்திருக்கிறார்.

மளிகைக்கடை ஹாஜா எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பயணமா மாமா? நாலாவது தடவ. போன தடவ ஒரு போர்வ குடுத்தனே, அது என்னாச்சு?"

"அதத்தான் போத்திக்கிட்டுப் படுக்குறேன். ஏசி சாஸ்தி."

"அதுக்கு முன்னாடி குடுத்த டார்ச் லைட்டு?"

"பேட்டரி போயிருச்சு. பேட்டரி இருந்தாக் குடு."

ஹாஜா சிரித்துக்கொண்டே பேட்டரி கொடுத்தான். ஆனால் தழுவவில்லை. "ஏர்போட்டுக்கு உள்ள போயி போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்பத் தழுவுறேன். இப்ப யல்லா, கெளம்புங்க, வியாபாரம் கெடக்கு."

ஊர் நடுவே புகுந்த கடற்கழியான க்ரீக்கைக் கடக்கும் அப்ராவில் ஏறினோம். மரப்படகு, டீசல் புகை, எதிர்க்கரைக்குப் போவதற்குள் முகத்தில் உப்பு. அங்கேதான் மாமா வாய் திறந்தார். தண்ணீர் நடுவில் இருக்கும்போது மட்டும் உண்மை பேசுகிறவர்கள் சிலர் உண்டு.

"லீவுல ஊருக்குப் போறோம்ல. தெருவுல கால வெச்சதும் என்ன கேப்பான்?"

"எப்ப வந்தீங்கன்னு கேப்பாங்க."

"அடுத்தது?"

எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எப்ப வந்தீங்க, எப்ப பயணம். இரண்டு கேள்விக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட இடம் இருக்காது. பள்ளிவாசலில், மீன் கடையில், கல்யாண வீட்டு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, கறித்துண்டு வாயில் இருக்கும்போது. எப்ப பயணம்?

"இத்தன வருசமா அதுக்கு எங்கிட்ட ஒரு தேதி இருந்துச்சு மருமவனே. தேதி இருக்குறவனுக்குத்தான் அங்க மரியாத. இனிமே கேட்டா என்னத்தச் சொல்றது? ஒண்ணும் இல்லேன்னு சொன்னா, 'அப்ப சும்மாதான் இருக்கியளா'ம்பான். மைமூனுக்கே நான் விருந்தாளி. எனக்கு எந்தத் தலகாணின்னு அவளுக்குத் தெரியாது, அவ எந்தப் பக்கம் படுப்பான்னு எனக்கு மறந்து போவுது."

அப்ரா கரையில் இடித்தது. மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, உப்புத்தண்ணி" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தொழில் அப்படி. நான்கு வரி எழுதுவேன், அதில் யாருக்கும் ஒரு உபயோகமும் இருக்காது. ஆனால் வாதத்துக்கு எதிர்வாதம் வரும். கப்பல்தானே வேண்டும்? துபாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்த பழைய ஆங்கிலேயப் பயணிக் கப்பல், ஓய்வுபெற்று, கரையில் கட்டப்பட்டு, இப்போது ஓட்டலாக இருக்கிறது. பேசுவதற்குத் தரவிருந்த தொகையை மனதுக்குள் செலவழித்துவிட்டு ஒரு நாள் அறை எடுத்தேன்.

"நாளைக்குக் கப்பல்ல தங்குறோம். நாளான்னைக்கு நீங்க பிளேன்ல போறீங்க. கலாஸ், அவ்வளவுதான்" என்றேன்.

"மேல் கிளாஸா?"

"மேல் கிளாஸ்."

"அப்பச் சரி."

வியாழக்கிழமை டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். பழைய கப்பல் என்றேன். கப்பல் என்பது மட்டும் அவர் காதில் விழுந்து, எங்களைக் குரூஸ் முனையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எதிரே கடலை மறைத்துக்கொண்டு ஒன்று நின்றது. மாமா அண்ணாந்து மாடிகளைப் பார்த்தார், பால்கனிகளைப் பார்த்தார், உச்சியில் சுருண்டு கிடந்த தண்ணீர்ச் சறுக்கலைப் பார்த்தார்.

"இது கப்பலா? ஷார்ஜாவுல பாத்த ஃப்ளாட்டுல்ல?"

வரிசையில் ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. கணவர் உற்சாகமாக விளக்கினார். "மூணு நாள் அங்கிள். சும்மா கடல்ல ஒரு ரவுண்டு, சாப்பாடு, ஷோ, அப்புறம் மறுபடி இங்கயே கொண்டாந்து விட்டுருவாங்க."

"எங்கயும் போய்ச் சேராதா?"

"சேராது அங்கிள். அதான் குரூஸ்."

மாமா என் பக்கம் திரும்பினார். "காசு குடுத்து ஏறி, தின்னு, தூங்கி, பழைய எடத்துக்கே வாறது. நம்ம லீவு மாதிரில்ல இருக்கு?"

வெயிலில் பெட்டியை உருட்டிக்கொண்டு சரியான கப்பலைக் கண்டுபிடித்தோம். அது இதைவிடச் சிறியதாக, மெலிந்து, கறுத்த உடம்பும் ஒற்றைப் புகைபோக்கியுமாக, பக்கத்துக் கப்பலைப் பார்க்காதது போல நின்றது. எங்கோ போவதற்கென்றே செய்யப்பட்ட மூக்கு. போகவில்லை என்பதை இன்னும் யாரும் அந்த மூக்கிடம் சொல்லவில்லை போலிருந்தது.

சுற்றிக் காட்டியவர் மாலுமி உடுப்பு அணிந்த ஒரு கோவாக்காரர். அவருடைய ஆங்கிலத்தை நான் மாமாவுக்குத் தமிழாக்கினேன். "அந்தப் பொற்காலத்தில் கனவான்கள் இரவு உணவுக்குக் கறுப்பு உடை இல்லாமல் வரமாட்டார்கள்."

"நாங்க கைலியோட இருந்தோம்னு சொல்லு."

"இந்த மண்டபத்தில் விடிய விடிய நடனம் நடக்கும்."

"எங்களுக்கும் நடந்துச்சு. அல கூட. ஆடி ஆடி வாந்தி எடுத்தோம். எலுமிச்ச ஊறுகா மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல."

கடைசியில் மேல்தளத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். பயணிகளின் நாய்கள் தங்குவதற்கான அறைகள் அங்கே இருந்தனவாம். நாய்களை நடத்திக் கூட்டிப்போகத் தனி ஆள். இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று பார்த்தேன். மாமாவுக்கு 'டாக்' என்ற சொல் தெரிந்திருந்தது.

"நாய்க்குக் கூர இருந்துச்சா?"

"இருந்துச்சாம்."

"ம். எங்களுக்குத் தார்ப்பாய் இருந்துச்சு. மழ வந்தா அதையும் கப்பல்காரனுவோ சாமான் மேல போத்திருவானுவோ." பிறகு கோவாக்காரரைப் பார்த்து, எந்த வன்மமும் இல்லாமல், இந்தியில் சொன்னார். "அச்சா ஹை, பாய். அடுத்த தடவ நாயா வாறேன்." கோவாக்காரர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்.

தேநீர் வந்தது. மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் வைத்த, ஓரம் வெட்டிய ரொட்டித் துண்டுகள். ரொட்டியாகவும் ஆகாமல் கேக்காகவும் ஆகாமல் நடுவழியில் நின்றுவிட்ட ஏதோ ஒன்று, ஜாமோடு. மாமா ஒரு துண்டை விரித்துப் பார்த்தார். "வெள்ளரிக்காயத் தின்னுட்டு ரொட்டியக் குருவிக்குப் போடலாம்" என்றார். குருவி இல்லாததால் எனக்குப் போட்டார். கொஞ்ச நேரத்தில், தலைவலி, அறைக்குப் போகிறேன் என்று எழுந்தார். நான் தளத்தில் நின்று துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை வெயிலில் அவை ஒட்டகச்சிவிங்கிகள் போல இருந்தன என்று எழுத நினைத்து, எல்லோரும் எழுதியதுதான் என்று விட்டேன்.

அப்போதுதான் அலாரம் அடித்தது.

முதலில் மணி, அப்புறம் ஊளை, அப்புறம் ஒரு பெண் குரல், எல்லோரும் அமைதியாகக் கரைக்கு இறங்கவும் என்று. குளியல் அங்கியில் ஒரு ஜெர்மன் தம்பதி, பாதி மழித்த கன்னத்தோடு ஓர் அரபி, தேநீர்க் கோப்பையை விடாமல் பிடித்துக்கொண்டு ஓர் ஆங்கிலேய மூதாட்டி. எல்லோருக்கும் மேலாக, உலகத்தின் எந்தக் கப்பல் நிறுவனமும் விளம்பரத்தில் போட முடியாத ஒரு வாசனை படிக்கட்டில் இறங்கி வந்தது. நான் மூக்கால் அதைப் படித்தேன். தோப்புத்துறை. உப்பு. நெத்திலி.

அறைக்கு ஓடினேன். வாசலில் உகாண்டாக்காரக் காவலர் இஸ்திரிப் பெட்டியைச் சான்றுப்பொருள் போலத் தூக்கிப் பிடித்திருந்தார். தொழிலாளர் கேம்ப்களில் அடுப்பு கூடாது என்று சொன்ன காலத்தில் ஆட்கள் கண்டுபிடித்த சமையல் இது. இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் தலையணையை முட்டுக் கொடுத்து, அடிப்பாகத்தில் அலுமினியத் தாள் விரித்து, எண்ணெய் விட்டு, முட்டை பொரிப்பார்கள். முன்பு சோனாப்பூர் கேம்பில் இருந்தபோது மாமா இதில் புகழ்பெற்றவராம். கருவாடு மட்டும் புகையும் என்பதை இத்தனை வருட அனுபவம் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கேம்பில் அலாரம் இருந்ததில்லை.

"மாமா, என்ன காரியம் செஞ்சீங்க!"

"மேல் கிளாஸ்தானே? காசு குடுத்துருக்குல்ல?"

காவலருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பெண் வந்து நின்றார். அறை சுத்தம் செய்கிற புஷ்பா, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரர். காவலரிடம் ஆங்கிலத்தில், தீ இல்லை, மீன், மீன் மட்டும், என்று சமாதானம் சொன்னார். பிறகு எங்களிடம் தாழ்ந்த குரலில், "நெத்திலிதானுங்களே ஐயா? அலாரம் அடிக்க முன்னமே எனக்கு வாசம் வந்திருச்சு" என்றார்.

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்குங்க? பொரிச்சு முடிக்கட்டும்னு வெளிய நின்னேன்."

கரையில் எல்லோரோடும் நாங்களும் நின்றோம். மாமா கருவாடு பொதிந்த அலுமினியத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, கப்பல் கயிறு கட்டும் ஒரு கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அப்போது சொன்னார். வந்த கப்பலில், இரண்டாம் நாள், பக்கத்துப் பாயில் இருந்த ஒருவர் ஸ்டவ்வில் கருவாடு பொரித்தார். வாசம் மேல் வகுப்புக்குப் போய்விட்டது. ஓர் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, சட்டியோடு கடலில் வீசச் சொன்னார். "எங்க யாருக்கும் ஒரு வாய் கூடக் கெடைக்கல. அன்னைக்கே நெனச்சேன், ஒரு நாளைக்கு மேல இருந்து பொரிக்கணும்னு."

மாமாவின் போன் அடித்தது. வீடியோவில் மைமூன் மாமி, முக்காடும் பாதி நெற்றியுமாக.

"என்னங்க அங்க ஊ ஊன்னு சத்தம்?"

"கப்பல்ல அலாரம்."

"யா அல்லா! முழுவுதா?"

"இல்ல, கருவாடு."

"நான் குடுத்து விட்டதா? கருக விட்டியளா?"

"ஓரத்துல மட்டும்."

"அந்தக் கப்பலு எப்பக் கெளம்புது?"

"கெளம்பாது மைமூன். கட்டிப் போட்டுருக்கு. சும்மா தங்குறதுக்குத்தான்."

"ஓஹோ." மாமியின் குரல் மாறியது. "கெளம்பாத கப்பல்ல காசு குடுத்துத் தங்கத் தெரியுது. கெளம்பாத வீட்டுல சும்மா தங்குறதுக்கு என்ன கேடு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பாரந்தூக்கிகளைப் பார்த்தேன். அவர் போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். மாமிக்கு ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்திருக்கும்.

"எப்ப பயணம்னு கேப்பாங்க மைமூன்."

"யாரு?"

"எல்லாரும்."

"கேட்டா எங்கிட்ட அனுப்புங்க. அவரு பயணத்த முடிச்சுட்டாரு, உங்க வீட்டுக்காரரு எப்ப முடிக்கிறாருன்னு நான் திருப்பிக் கேக்குறேன். தெருவுல பாதிப் பேரு வாயத் தொறக்க மாட்டாளுவோ." அதோடு, "நான் சொவத்துப் பக்கம் படுப்பேன். அந்தப் பக்கத்துக்கு வந்துராதீங்க" என்றார். தலையணை விஷயத்தை அப்ராவிலிருந்து இறங்கிய கையோடு மாமியிடம் போட்டுக் கொடுத்தது நான்தான். அதற்காக எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

அலாரம் நின்றது. ஆங்கிலேய மூதாட்டி எங்கள் பக்கம் வந்து, அந்தத் தாளைக் காட்டி, அது என்னவென்று கேட்டார். மாமா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாட்டி கடித்தார், கண்களை மூடினார், இன்னொன்று கேட்டார். மேல் வகுப்பு அன்றைக்குத்தான் மாமாவிடம் கீழே இறங்கி வந்தது. புஷ்பாவுக்கும் தாளில் மடித்துக் கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் வந்து, மிக மரியாதையாக, இஸ்திரிப் பெட்டி சட்டைகளுக்கானது என்று எங்களுக்கு விளக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்குப் போனோம். மாமா தன்னுடைய சொந்தப் பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றி ஏறினார். போர்வை உள்ளே போயிற்று, பேட்டரி போட்ட டார்ச் உள்ளே போயிற்று. டேப்பின் முனையைப் பல்லால் கடித்து இழுத்தார். சர்ர்ர்ரக். என் வயிற்றில் பல்லி ஓடியது, பழக்கதோஷம். இந்த முறை எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்கே தெரியவில்லை.

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். எனக்கு மறுநாள் ஷார்ஜாக் கூட்டம், அதன்பிறகு மஸ்கட்டில் ஒரு நண்பன், அதன்பிறகு எங்கே என்று நானே முடிவு செய்யவில்லை. மாமா கேட்டைத் தாண்டினார். உள்ளே நின்று ஹாஜாவுக்காக ஒரு செல்ஃபி எடுத்தார், நெற்றி மட்டும் விழும்படி. பிறகு வரிசையில் சேர்ந்தார். வரிசை நகர்ந்தது. திடீரென்று வெளியே விலகி, டிராலியை அப்படியே விட்டுவிட்டு, என்னை நோக்கித் திரும்பி வந்தார்.

செத்தோம், ஐந்தாவது தடவையும் பயணம் சொல்லப் போகிறார், என்று நினைத்தேன். மாமியின் தாழ்ப்பாள் விழும் சத்தம் காதில் கேட்டது.

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முகத்தில், மீன் கடை வாசலில் நிற்கிற எங்கள் தெரு ஆட்களின் முகத்தில் மட்டுமே நான் பார்த்திருக்கிற ஒரு அலட்சியம், ஒரு சுகம்.

"கேக்கவே மறந்துட்டேன் மருமவனே. நீ எப்ப வந்தே? எப்ப பயணம்?"